பனையேறிக்குப் போட்ட ராகிக் களி

என் அருமை மாப்பிள்ளை முருகேசனுக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்தில் இருக்கிறீர்கள். அதனால் எங்கள் நலத்தைச் சொல்லியே தொடங்குகிறேன். தென்பெண்ணையில் தண்ணீர் போகிறது. உங்கள் மகள் கவிதாவுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. காரிமங்கலத்தில் என் மாவு மில்லுக்குப் புது மோட்டார் போட்டிருக்கிறேன். மோட்டார் சத்தம் குறைந்ததில் என் சத்தம்தான் சந்தை வரைக்கும் கேட்கிறது என்கிறாள் என் வீட்டுக்காரி.

செல்வி நன்றாக இருக்கிறாள். என் தங்கச்சியைப் பற்றி இந்த வாக்கியத்தைப் போன மாதம் எழுதியிருந்தால் பொய் எழுதினதாக ஆகியிருக்கும். இன்றைக்கு எழுதலாம். அது எப்படி ஆனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அதோடு உங்களிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன், பஞ்சாயத்துக்கு ஆள் வேண்டுமே.

மறுவீட்டு விருந்துக்குக் காரிமங்கலம் வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? தட்டில் களி உருண்டையைப் போட்டுவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு என்றைக்கு வாய் சும்மா இருந்திருக்கிறது?

"எங்க மில்லு மாவுல கிண்டுன களிங்க மாப்ள. இதுக்கு ஆத்து மீனே எந்திரிச்சு வரும்."

நீங்கள் ஆற்றங்கரைக்காரர். தூண்டிலோடு வளர்ந்தவர். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நீங்களோ ரொம்ப மரியாதையாக, "பாத்துடுவோங்க மச்சான்" என்றீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரூர்ப் பக்கம் உங்கள் வீட்டுக்கு வந்தால், குடத்துக்குள் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மீன் முறைத்துக்கொண்டு நின்றது. பனையேறி. தண்ணீரை விட்டு வெளியே போட்டாலும் செவுளை ஊன்றி நடந்து போகிற மீன் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நிஜமாகவே எழுந்து வருகிற மீன்.

"உங்க களியிலதாங்க வந்துச்சு" என்றீர்கள்.

அதற்கப்புறம் நான் தரையில் நின்றேனா? மில்லுக்கு ராகி கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "நம்ம மாவுக்கு மனுசன் மட்டுமில்ல, பனையேறியே மயங்குதுங்க." இருபது வருஷத்துக்கு மேல் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் மாவுப் பொட்டலத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிடுவேன். கோரைக்குப் பக்கத்தில், தண்ணீர் தேங்கி நிற்கிற அந்த மடுவில் இரண்டு பேரும் உட்காருவோம். ஒரே சட்டிக் களி, ஒரே மாதிரி தூண்டில் முள், ஒரே மாதிரி தூண்டில் நரம்பு. எனக்கு ஜிலேபிக் கெண்டை விழும். உங்களுக்குப் பனையேறி விழும். கேட்டால், "உருட்டுற கைப்பக்குவம்தாங்க மச்சான்" என்பீர்கள். உருட்டும்போது மட்டும் ஏன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறீர்கள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்க வேண்டாமா நான்?

பிடித்த மீன் என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் மானாவாரி பூமி. கிணற்றைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காமல் வளர்ந்தவள் செல்வி. களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும் என்பதுதான் எங்கள் பழக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் உங்கள் வீட்டுப் பனையேறிக் குழம்பில் களியைப் புரட்டினாள். கூடவே வந்த மீன் துண்டையும் சேர்த்து விழுங்கினாள். பனையேறிக்கு உடம்பெல்லாம் முள். வீடே எழுந்து நின்றுவிட்டது. வெறும் களி உருண்டையை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்க வைத்து முள்ளை உள்ளே தள்ளினீர்கள்.

அன்று இரண்டாவது மீனை நீங்களே உங்கள் தட்டில் வைத்து முள் எடுத்து, சதையை மட்டும் அவள் தட்டில் போட்டீர்கள். அதுவே வழக்கமாகிப் போனது. உங்கள் வீட்டார் கேலி செய்தார்கள், நானும் செய்தேன். "என்னங்க மாப்ள, ஊட்டி விடறது மட்டுந்தான் பாக்கி" என்பேன். நீங்கள் தலை நிமிராமல் முள் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அவளும் கூச்சமே இல்லாமல் தட்டை நீட்டுவாள்.

போன வருஷம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் நீங்கள், எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் மீன் வாசனையே இல்லை. கவிதா ஒரு தடவை முள்ளில்லாத மீனாகப் பார்த்து வாங்கி வந்து பொரித்தாள். செல்வி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். மற்றதெல்லாம் சாப்பிட்டாள், பேசினாள், வேலை செய்தாள். ஆனால் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவளைச் சிரிக்க வைக்க நான் செய்யாத கோமாளித்தனம் இல்லை. உதடு மட்டும் அசையும். முள் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல்தான் மீனை விட்டுவிட்டாள் என்று நாங்கள் நினைத்தோம். நான்கூட ஒரு நாள், "நான் எடுத்துத் தரட்டா?" என்று கேட்டேன். "உனக்கு எடுக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாதுதான்.

வருஷத் திதி நெருங்கியபோது அவளே போன் செய்தாள்.

"அண்ணா, படையலுக்குப் பனையேறி வேணும். கடையில வாங்கறது வேண்டாம். நம்ம மடுவுல பிடிச்சதா இருக்கணும்."

அவள் வாயிலிருந்து மீன் என்ற சொல் வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. படையல் போட்டால் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாக வேண்டும். அவளும் உட்கார வேண்டும். அந்த ஒரு வேளை அவள் சாப்பிட்டுவிட்டால் அப்புறம் சரியாகிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. மில்லைப் பூட்டிவிட்டு, நல்ல ராகியாகப் பார்த்து அரைத்த மாவோடு திதிக்கு முந்தைய நாளே வந்துவிட்டேன்.

செல்வி களி கிண்டிக் கொடுத்தாள். உங்கள் மூங்கில் தூண்டிலை எடுத்துக்கொண்டு விடிந்ததும் மடுவுக்குப் போனேன். நீங்கள் உருட்டுகிற மாதிரி சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, முள்ளில் குத்தி, கோரை ஓரமாகப் போட்டேன். ஜிலேபி. மறுபடி ஜிலேபி. அப்புறம் ஒரு கெண்டைக் குஞ்சு, அதை விட்டுவிட்டேன். வெயில் ஏறியது. சற்றுத் தள்ளி உங்கள் சிநேகிதர் ஆரோக்கியம் உட்கார்ந்திருந்தார். மாதா கோயில் தெருக்காரர், உங்களுக்கே தெரியும், வாயைத் திறந்தால் காசு கேட்பார்கள் என்று நினைக்கிற மனுஷன். அவர் என்னையும் தக்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னாங்க போடறீங்க?"

"களிங்க."

"எதுக்கு?"

"பனையேறிக்கு."

"பனையேறி களி திங்காதுங்க. அசையறதைத்தான் திங்கும். புழுவு, பூச்சி, எறும்பு முட்டை, அப்படி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க மாப்ள இருவது வருசமா களியிலதாங்க பிடிச்சாரு. நான் பக்கத்துல உக்காந்து பாத்தவன்" என்றேன்.

ஆரோக்கியம் எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். "முருகேசன் பிடிச்சாருன்னா சரிங்க" என்று சொல்லிவிட்டுத் தக்கையைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த மனுஷனுக்கும் தெரிந்திருக்கிறது மாப்பிள்ளை. ஆற்றங்கரை முழுக்கத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

மத்தியானம் ஜிலேபிகளோடு திரும்பினேன். செல்வி வாசலில் நின்றிருந்தாள். பையைத் திறந்து பார்த்தாள்.

"பனையேறி இல்லயா?"

"உன் களி பதம் தப்பிடுச்சு. அவரு கைக்கு விழும், என் கைக்கு விழல" என்றேன்.

"அண்ணா, வெறும் களியவா போட்ட?"

"பின்ன?"

அவள் என்னையே பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்தேன். சிரிப்பு. ஒரு வருஷத்துச் சிரிப்பு. அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளேயிருந்து கவிதா ஓடிவந்து, என்ன ஏதென்று தெரியாமல் அவளும் சிரித்தாள்.

"உள்ள மண்ணுப்புழு வெப்பாருண்ணா. புழுவக் கோத்துட்டு மேல களியப் பூசுவாரு. தண்ணியில களி கரைஞ்சுட்டா உள்ள இருக்கற புழுவு நெளியும், அதுக்குத்தான் மீன் வரும். காலையிலயே மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி தோண்டி எடுத்து மடியில முடிஞ்சுக்குவாரு."

"ஏன் அப்படிப் பண்ணாரு?"

"நீ விருந்துல சொன்னியே, மீன் எந்திரிச்சு வரும்னு. மொதல்ல வெறுங் களியிலதான் போட்டுப் பாத்தாரு. ஒண்ணுமே விழல. மச்சான் ஆசையா சொன்னாரு, இல்லைன்னு சொன்னா மனசு கோணிப் போயிடும்னு புழுவ வெச்சாரு. அப்பறம் நீ ஊரெல்லாம் சொல்லிட்ட. எப்படி நிறுத்தறது?"

இதுதான் நான் போடுகிற சண்டை. பொட்டலத்தைக் கையில் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, என் மாவின் பெருமையை நான் அளந்துகொண்டிருக்க, நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு புழுவுக்குக் களிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தீர்கள். ஒரு மனுஷன் இத்தனை வருஷமாகவா இப்படி ஏமாற்றுவான்? என்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருந்தீர்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் காட்டியிருப்பேன். போங்கள் மாப்பிள்ளை, உங்கள்மேல் எனக்குக் கோபம்தான். அன்றைக்கு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மண்ணைக் கிளறிக்கொண்டே அழுதேன்.

சாயங்காலம் திரும்பப் போனேன். புழுவைக் கோத்து, மேலே களியைப் பூசினேன். களி எதற்கு, புழுவே போதுமே என்று நீங்கள் கேட்கலாம். களி இல்லாமல் போட எனக்கு மனசு வரவில்லை. தக்கை கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. அப்புறம் பக்கவாட்டில் ஒரு இழுப்பு, உடனே முங்கியது. தூக்கினேன். கருத்த பச்சையில், முதுகு முள்ளையெல்லாம் விரித்துக்கொண்டு பனையேறி. துண்டைப் போட்டுப் பிடிக்க வேண்டும் என்பதை மறந்து கையை வைத்து, விரலைக் கிழித்துக்கொண்டேன். ஆரோக்கியம் தம் துண்டை நீட்டினார். "இப்ப மாவு நல்லா இருக்குதுங்க" என்றார். இருட்டுவதற்குள் இன்னும் சில விழுந்தன.

குடத்தில் விட்டு, மூடியின்மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள் செல்வி. ஏறி வந்துவிடும் அல்லவா.

மறுநாள் சாம்பல் போட்டுக் கல்லில் உரசிக் கழுவி, புளி கரைத்து அவளே குழம்பு வைத்தாள். இலை போட்டோம். உங்களுக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. களி, கீரைக் கடைசல், எள்ளுருண்டை. கடைசியாகக் குழம்பிலிருந்த பெரிய மீனை எடுத்து இலையில் வைத்தாள். கற்பூரம் ஏற்றப் போனேன். "இரு அண்ணா" என்றாள்.

இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மீனை நகர்த்தி, முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். இரண்டு பக்கமும் சதையைப் பிரித்தாள். வாலைப் பிடித்துத் தூக்கினாள். நடு முள் மொத்தமும் அப்படியே கையோடு வந்தது. பக்க முள்ளையும் பார்த்துப் பார்த்து எடுத்தாள். தடுமாற்றமே இல்லை. நீங்கள்கூட அவ்வளவு சுத்தமாக எடுத்ததில்லை மாப்பிள்ளை.

"எப்பம்மா கத்துக்கிட்ட?" என்று கேட்டாள் கவிதா.

"கண்ணாலமான புதுசுலயே. அவரு எடுக்கறத பாத்தே வந்துடுச்சு."

"பின்ன ஏன் அப்பாகிட்ட தட்ட நீட்டுவ?"

"எனக்கு வராதுன்னு நெனச்சுக்கிட்டு ஆசையா எடுத்தாரு. வரும்னு எப்படிச் சொல்றது?"

சதையை இலையின் நடுவில் சேர்த்து வைத்தாள். "இந்த ஒரு வருசமா நானே எடுத்துத் தின்னிருக்கலாம். தின்னா அவரு இல்லங்கறது நெசமாயிடும்னு இருந்துட்டேன்" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. பிறகு இலைக்குப் பின்னால் வைத்திருந்த உங்கள் படத்தைப் பார்த்து, இலையைப் பார்த்து, "எனக்கே எடுத்துக் குடுத்து எடுத்துக் குடுத்து ஆறிப் போனதத் தின்ன மனுசன். இன்னிக்கிச் சூடா சாப்பிடட்டும்" என்றாள்.

நான் கற்பூரம் ஏற்றினேன். 

அப்புறம் எல்லோரும் உட்கார்ந்தோம். களியைக் குழம்பில் புரட்டி விழுங்கினாள். மீனைத் தானே முள் எடுத்துச் சாப்பிட்டாள். இரண்டாவது மீனும் போட்டுக்கொண்டாள். நான் என் தட்டில் முள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, என் மீனை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். நானும் எடுக்கக் கற்றுக்கொள்ளலாம்தான். வேண்டாம் என்று இருக்கிறேன்.

உங்களை அவள் ஏமாற்றினாள், என்னை நீங்கள் ஏமாற்றினீர்கள். பஞ்சாயத்தில் இதற்கு என்ன தீர்ப்புச் சொல்ல முடியும்?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நேற்று மில்லுக்கு ஓர் அம்மா ராகி மூட்டையோடு வந்தார். "பனையேறிகூட வருமாமே உங்க மாவுக்கு, நெசந்தானுங்களா?" என்று கேட்டார். புது மோட்டார் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து நின்று, "எங்க மாப்ள பிடிச்சாருங்க, நான் பக்கத்துல இருந்தேன்" என்றேன். இனிமேலும் அப்படித்தான் சொல்வேன். ஞாயிறுதோறும் மாவுப் பொட்டலத்தோடு செல்வி வீட்டுக்குப் போவேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தோண்டுவேன். யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், முதுகைக் காட்டிக்கொண்டு உருட்டுவேன். நீங்கள் எனக்காகச் சொன்ன பொய்யை, நான் இருக்கிற வரைக்கும் யாரும் உடைக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் களியில் விழுந்த முதல் மீன்,
உங்கள் மச்சான் பெருமாள்