எட்டுப் பாகத்தில் அரக்கு

நேற்றுப் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் திறந்தேன். ரப்பர் வாசனையும் முகப்பவுடர் வாசனையும் ஒன்றாக எழுந்தன. கடலுக்குள் அணிந்த கண்ணாடிகளின் ரப்பர் ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஆண்டுதோறும் பவுடர் பூசி வைக்க வேண்டும் என்பது நான் வகுத்த விதி. "கொயந்திக்கிப் பூசற மாதிரி பூசறியேபா" என்று கேலி செய்வாய். இரண்டு கண்ணாடிகளும் கெடவில்லை. அன்று நீ மணிக்கட்டில் கட்டியிருந்த அரக்குப் பட்டு நூல் கற்றையும் அதே பெட்டியில் இருக்கிறது. உப்பில் சற்று விறைத்திருக்கிறது, நிறம் மாறவில்லை. நீ முதலில் கேட்கக்கூடியது அதுதான் என்பதால் அதை முதலில் சொல்லிவிட்டேன்.

உன் சாயப் பட்டறைக்கு அந்தத் தூத்துக்குடிக்காரர் வந்த மாலை உனக்கு நினைவிருக்கும். நான் ஓர் அரிசி ஆலையின் கொதிகலனைச் சோதித்துவிட்டு, கரி படிந்த சட்டையோடு உன்னிடம் காப்பி குடிக்க வந்திருந்தேன். அவர் கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளின் திருமணத்துக்குப் புடவை நெய்யக் கொடுத்துவிட்டு, நூலின் நிறம் பார்க்க வந்தவர். கொடியில் காய்ந்துகொண்டிருந்த நூலைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல செவப்புதான் அண்ணாச்சி. ஆனா கடலுக்குள்ள எட்டுப் பாகம் எறக்கிப் பாருங்க, கருப்பாத்தான் தெரியும். அங்க செவப்புன்னு ஒண்ணு கெடையாது."

ஒரு பாகம் என்றால் ஒருவன் இரு கைகளையும் விரித்து நிற்கும் நீளம் என்று எனக்கு விளக்கினார். வெயிலில் உள்ள சிவப்பை நீர் முதலில் விழுங்கிவிடும் என்று நான் உனக்கு விளக்கினேன். இருவர் சொன்னதையும் நீ காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. உன் அரக்குக்காக நெசவாளர்கள் வாரக்கணக்கில் காத்திருந்த காலம் அது.

"மத்தவன் செவப்பு போவட்டும். என் அரக்கு போவாது. கண்ணால பாத்தாத்தான் ஒத்துக்குவேன்" என்றாய்.

"அப்பம் வாங்க. காத்தடைச்ச சிலிண்டர் தாரேன், எறங்கிப் பாருங்க" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. பட்டறையில் வேலை குறைவு. அந்த மாதத்தையே நீ தேர்ந்துகொண்டாய். நான் நூலகத்திலிருந்து ஸ்கூபா முக்குளிப்பு பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து விதிகளை உனக்கு உரக்கப் படித்தேன். மேலே வரும்போது மூச்சை அடக்கக் கூடாது. மெதுவாகவே ஏற வேண்டும். எவரும் தனியாக இறங்கக் கூடாது. இணையாக இறங்குபவர்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். கடைசி விதியைக் கேட்டதும் நீ நிமிர்ந்து பார்த்தாய். "அப்போ நீயும் வர்ற."

எனக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு நீருக்கு மேல் போனதில்லை. அதைச் சொன்னபோது, "ரூல்ஸ் நீதானே படிச்சே" என்று முடித்துவிட்டாய். அப்படித்தான் நாற்பதைத் தாண்டிய நாம் இருவரும் ஐப்பசி முழுவதும் ஞாயிறுதோறும் தென்னேரி ஏரிக்குச் சைக்கிள் மிதித்தோம். மூர் மார்க்கெட்டில் வாங்கிய கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு நான் ஏரிக்கரையில் கால் உதைத்துப் பழகியதை மாடு குளிப்பாட்ட வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"இன்னா சார், மீன நீ புடிக்கப் போறியா, மீனு உன்னப் புடிக்கப் போவுதா?"

"அவரு கெவர்மெண்டு ஆபிசருபா. மீனுக்கு லைசென்ஸ் பாத்துக்கினு இருக்காரு" என்று நீயும் அவர்களோடு சேர்ந்துகொண்டாய். கோபத்தில் அன்று முதன்முதலாகப் பத்து முழம் நீந்தினேன்.

செங்கற்பட்டில் ரயில் ஏறித் தூத்துக்குடியில் இறங்கியபோது, நம் ஊர்ப் பனிக்குப் போர்த்திச் சென்ற சால்வையை நீ பிளாட்பாரத்திலேயே சுருட்டிப் பையில் திணித்தாய். மார்கழியிலும் அங்கே வெயில் இதமாகச் சுட்டது. கரையோரம் சில நாள் பழகினோம். எட்டுப் பாகம் இறங்க வேண்டிய காலையில் நான் சிலிண்டரின் வால்வைச் சிறிது திறந்து முகர்ந்து பார்த்தேன். புகை நாற்றம் அடித்தது. இறங்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"இத்தன வருசமா இந்தக் காத்தத்தான் இழுக்கேன். செத்தா போனேன்?" என்றார் அவர்.

"காற்றுக்கு வாசனை இருக்கக் கூடாது" என்றேன்.

நீ கத்தினாய். மறுநாளோடு நம் விடுமுறை முடிகிறது என்றும், உன்னைத் தோற்கடிக்கத்தான் நான் தடுக்கிறேன் என்றும் சொன்னாய். எனக்குப் பயம் இருந்தது உண்மை. அதை மறைக்க நாற்றத்தைச் சாக்காகச் சொல்லவில்லை என்பதும் உண்மை. அவர் உன்னிடம், "இவுக கரையில இருக்கட்டும். நீங்க எங்கூட வாங்க" என்றார். நீ என் பக்கம் திரும்பாமலே அவருக்குப் பதில் சொன்னாய்.

"கோர்வைப் புடவைன்னா உடம்புக்கு ஒரு நெறம், கரைக்கு ஒரு நெறம். ரெண்டு பேரு ஒக்காந்தாத்தான் நெய்ய முடியும். பக்கத்துல ஒக்காந்து கரை நாடாவ வாங்கித் தள்றவன் எந்திரிச்சிட்டா, நெய்யறவன் தறியில கை வெக்க மாட்டான். இவன் எந்திரிச்சிட்டான். நானும் எறங்கல."

அன்று மதியம்வரை கரையோரம் தனியாக நடந்தாய். பிறகு மணலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்ஸ்பெக்டரு, அந்த மிஷின சரி பண்ணு. இல்லாங்காட்டி ஊருக்கு வந்து உன் பாய்லர் ஒவ்வொண்ணா மோந்து பாப்பேன்" என்றாய்.

சரிசெய்ய அதிகம் இருக்கவில்லை. காற்றை அடைக்கும் இயந்திரத்தின் உறிஞ்சு குழாய், அதன் புகைபோக்கிக்கு அருகிலேயே இருந்தது. நீளமான குழாய் பொருத்தி, காற்று வரும் திசையில் ஒரு மூங்கிலில் உயரக் கட்டினேன். வடிகட்டியை மாற்றி, சிலிண்டர்களைக் காலிசெய்து மீண்டும் அடைத்தோம். நான் முகர்ந்தேன், நீ முகர்ந்தாய், கடைசியில் அவரும் முகர்ந்துவிட்டுச் சிலிண்டர்களைப் படகில் ஏற்றி வைத்தார்.

மறுநாள் காலை அவர் முன்னே இறங்க, நாம் கைக்கெட்டும் தூரத்தில் நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி தொடர்ந்தோம். என் மூச்சின் இரைச்சல் எனக்கே அச்சமூட்டியது. நீ ஒவ்வொரு பாகத்துக்கும் திரும்பி என்னைப் பார்த்தாய். அடியில் பவளப் பாறையும் வெண்மணலும் மங்கிய நீலத்தில் கிடந்தன. மணிக்கட்டைக் கண்ணாடி அருகே கொண்டுபோனாய். அரக்கு கருத்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாய், பிறகு என் முகத்தைப் பார்த்தாய். வென்றதாக எனக்குத் தோன்றவில்லை.

மெதுவாக ஏறினோம். பாதி வழியில் அந்தக் கருமையில் காப்பிப்பொடி நிறம் தெரிந்தது. இன்னும் ஏறியதும் அரக்கு தன் நிறத்தோடு திரும்பி வந்தது. நீ கயிற்றில் நின்றுவிட்டாய். ஓராள் ஆழம் இறங்கினாய்; மங்கியது. ஏறினாய், சிவந்தது. மறுபடியும் இறங்கினாய். அப்படி ஏறி இறங்குவது விதிக்குப் புறம்பு. உன் தோளைப் பிடித்து மேலே காட்டினேன். கையை விரித்துப் பொறு என்றாய். பொறுத்தேன்.

படகில் ஏறியதும், "முப்பது வருசமா கருப்ப வித்துக்கினு இருந்துகிறேன்பா" என்று சிரித்தாய். அவரும் சிரித்தார். கரை நெருங்கும்போது சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் மட்டும் சொன்னாய்: "அது போவலைபா. கீயயும் அங்கதான் இருந்திச்சு. வெளிச்சம் வர்ல, அவ்ளோதான்." கடைசிவரை நீ ஒத்துக்கொள்ளவே இல்லை.

அடுத்த மார்கழிக்குப் போவோம் என்று ஒவ்வொரு மார்கழியும் பேசினோம். ஓராண்டு எனக்கு மாற்றல், ஓராண்டு உனக்குக் கூரை வேலை. சென்ற ஆடியில் உன் நெஞ்சு நின்றுவிட்டது. உன்னை எடுத்துச் சென்ற நாளில், பட்டறைக் கொடியில் நீ முதல்நாள் தோய்த்த நூல் காய்ந்துகொண்டிருந்தது. அதை மடித்து வைத்தவள் உன் மகள். பட்டறையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். அடுப்பிலிருந்து நூலை எடுக்கும் பதத்தில் உன்னைவிடக் கண்டிப்பானவள். வேலையாட்கள் என்னிடம் முறையிட்டார்கள்.

இந்த மார்கழியில் நான் தூத்துக்குடி போகிறேன். "அம்பது வயசுல இன்னா முக்குளிப்பு?" என்று என் மனைவி கேட்டாள். மருத்துவரிடம் நெஞ்சையும் காதையும் காட்டிச் சான்று வாங்கி அவள் முன் வைத்தேன். சிலிண்டர்களின் அழுத்தச் சோதனை முடிந்ததா என்று அந்தக் கடற்படைக்காரருக்கு எழுதினேன். முடிந்தது என்றும், மூங்கில் இன்னும் நட்ட இடத்திலேயே நிற்கிறது என்றும் பதில் எழுதினார்.

தனியாக இறங்கக் கூடாது என்ற விதியை நான் மாற்றவில்லை. உன் மகள் ஐப்பசியிலிருந்து தென்னேரியில் நீந்திப் பழகுகிறாள். மாடு குளிப்பாட்டுபவர்கள் அவளைக் கேலி செய்யத் தொடங்கியபோது அவள் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது; உனக்குப் பிடித்திருக்கும்.

நேற்றே பெட்டியைப் பட்டறைக்கு எடுத்துப்போய் அவளிடம் காட்டினேன். உன் நூல் கற்றையைக் கையில் எடுத்து வெகுநேரம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், தான் தோய்த்த அரக்கில் ஒரு கற்றை கொண்டுவந்தாள்.

"அப்பாது ஒரு கையில, என்னுது ஒரு கையில கட்டிக்கறேன் மாமா. எது மொதல்ல கருக்குதுன்னு பாத்துடலாம்."

இரண்டும் கருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. முதலில் காற்றை முகர்ந்து பார்ப்பேன். கைக்கெட்டும் தூரத்தை விட்டு அவளை விலக விடமாட்டேன். மேலே ஏறி வரும்போது, அவள் கயிற்றில் நின்றால் பொறுப்பேன். எது முதலில் சிவக்கிறது என்று பார்த்து வந்து உனக்குச் சொல்கிறேன்.