பரீட்சைக்கும் பிரேக்குக்கும் ஒரே வார்த்தை

ஏற்காடு,
18-4-1983

அன்பு மகள் லூர்துசெல்விக்கு,

அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் தம்பி ஏசுராஜும் சுகமாக இருக்கிறோம், பம்பாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். இங்கே காப்பிச் செடி பூக்கப் பெய்யும் பூமழை இந்த வருஷம் பெயில், எஸ்டேட்டில் எல்லோருக்கும் அதே பேச்சுதான். போன வாரம் டிரங்கால் போட்டபோது மூன்று நிமிஷமும் நீ அழுதுகொண்டே இருந்தாய், அதற்குள் நேரம் முடிந்து லைன் போய்விட்டது. அன்று நடந்ததை இப்போது சொல்கிறேன், பயப்படாதே கண்ணு.

"நர்சிங் பரீட்சையில் பெயில் ஆகிவிட்டேன், இனி என்னைத் தேடாதீர்கள்" என்று நீ எழுதியதைப் படித்ததும் நான் அலறிவிட்டேன். உன் அம்மா போன அன்று டாக்டர் ஹார்ட் பெயில் என்று சொன்னாரே, அதற்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்டாலே என் கை ஜெபமாலையைத் தேடும். இங்கே போஸ்டாபீஸில் லைன் கெட்டிருந்ததால், சேலம் போய் உன் ஹாஸ்டலுக்கு டிரங்கால் போடலாம் என்று காலை பஸ்ஸிலேயே கிளம்பினேன். பாதி மலை இறங்கியிருப்போம், டிரைவர் ஐயாக்கண்ணு, பிரேக் பெயிலுங்க எல்லாரும் கெட்டியாப் புடிச்சுக்கங்க என்று கத்தினார். பஸ் முழுக்க ஒரே அலறல், நான் ஜெபமாலையைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நம் எஸ்டேட்டில் காப்பி பறிக்கும் மாரமங்கலத்து முத்தாயி மட்டும் அசையவே இல்லை. முன் சீட்டில் ஒரு பெண்ணின் கையிலிருந்து நழுவிய குழந்தையை வாங்கி மடியில் போட்டு, முந்தானையால் அதன் தலையை மூடிக்கொண்டு, ஏனுங்க ரைட்டரய்யா, பெயிலுன்னதுக்கு எதுக்குங்க இப்பிடிக் கத்துறாங்க என்று என்னைக் கேட்டார். அதற்குள் ஐயாக்கண்ணு கியரைக் குறைத்து, வண்டியை மலைப் பக்கமாகவே தேய்த்துத் தேய்த்து, அடுத்த வளைவுக்குப் பத்தடி முன்னால் மண்மேட்டில் முட்டி நிறுத்திவிட்டார். ஒருவருக்கும் பெரிய அடி இல்லை. அந்த மனுஷன் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்க வெகு நேரம் ஆயிற்று.

கீழே இறங்கியதும் பிரேக் என்றால் என்ன, அது பெயிலானால் என்ன ஆகும் என்று முத்தாயிக்குச் சொன்னேன். அந்தம்மா பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். எம்பையன் சின்னன் அஞ்சாவதுல பெயிலுன்னு வாத்தியார் சொன்னாருங்க, மறுவருசம் அதே பெஞ்சுல உக்காந்து பாசாயிட்டான், பெயிலுன்னா அதுன்னுதானுங்க நெனச்சேன், சாவுக்கும் அதே பேரையா வெச்சிருக்கீங்க என்றார். இருபத்திரண்டு வருஷமாக எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் உத்தியோகம் பார்க்கிறேன், இது எனக்கே தோன்றியதில்லை. உன் கடிதத்தைப் படித்து நான் அலறியதும் அந்த பஸ்ஸில் இருந்தவர்களைப் போலத்தான் என்று தோன்றியது. முத்தாயி வீட்டுக்குத் திரும்பிவிட்டார், நான் பின்னால் வந்த ஒரு லாரியில் சேலம் போய் உனக்கு டிரங்கால் போட்டுவிட்டு அதிலேயே மலை ஏறினேன்.

ஆனால் தெரியாததால் மட்டும்தான் அந்தம்மா தைரியமாக இருந்தார் என்று எண்ணிவிடாதே. மறுநாள் காலையிலேயே சேலம் பஸ்ஸில் ஏறிவிட்டார். எஸ்டேட் தபாலைக் கொடுக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போன நான், இப்போதுதான் தெரியுமே, பயமாக இல்லையா என்று கேட்டேன். நொம்பப் பயந்தானுங்க, ஆனா சின்னன் சேலத்து ஆஸ்டல்ல காத்துக்கிட்டிருப்பானுங்களே என்று சொல்லிவிட்டு ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தார். பஸ் வளைவில் மறையும்வரை நான் அங்கேயே நின்றேன். எனக்கு இன்னும் அந்த பஸ்ஸில் ஏறத் தைரியம் வரவில்லை அம்மா.

பெயிலான அந்தப் பேப்பரை மறுபடி எழுதுகிறாயா, ஊருக்கு வந்துவிடுகிறாயா, நீயே யோசித்துச் சொல், இரண்டும் எனக்குச் சம்மதம். தேடாதீர்கள் என்று மட்டும் இனி எழுதாதே. மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு கார்டு போடு. கார்டு வராவிட்டால் அடுத்த திங்கட்கிழமை நானே கிளம்பி வருகிறேன், மலை இறங்க அதே பஸ்தான்.

உன் அன்பு அப்பா,
மரியஅந்தோணி