சவேரியாளின் ஐந்து ஊர் மாடுகள்

விஜய வருஷம், கார்த்திகை 6.

விடிந்ததிலிருந்து தூறல். கேப்பை காயவில்லை. இடுப்பு வலி.

தொழுவில் நாலாவது மாடும் போய்விட்டது. வெக்கை நோய். மகன் சூசை குழி வெட்டப் போயிருக்கிறான். நாலும் ஒரே கூரையில் நின்று ஒரே தொட்டியில் குடித்தவை. வயசான காலத்துக்கு என்று நான் வைத்திருந்தது அவ்வளவுதான். இனி மருமகள் போடுகிற சோறு.

நாத்தனார் சவேரியாள் வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு பிடி முருங்கைக்கீரை வைத்துவிட்டுப் போனாள். (இனி சவே. என்றே எழுதுவேன். அவள் முழுப்பேருக்கு என் மையைச் செலவழிக்க முடியாது.)

கார்த்திகை 9.

மழை விட்டது. உப்பு வாங்க வேண்டும்.

சவே. நினைப்பாகவே இருக்கிறது. இருபத்தாறு வயசில் தாலி அறுத்தவள். பிள்ளை இல்லை. பருத்தி எடுத்த கூலியில் ஒரு கிடாரிக் கன்று வாங்கி வாரத்துக்கு, பங்குக்கு வளர்க்க, விட்டாள். வளர்க்கிறவனுக்குப் பாலும் முதல் ஈற்றுக் கன்றும், இவளுக்கு அடுத்த ஈற்றுக் கன்று. தன் பங்குக் கன்றை வேறு ஊரில் விடுவாள். ஒரு ஊரில் ஒன்றுக்கு மேல் கிடையாது. இன்றைக்கு, ஊரும் மாட்டின் நிறமும்:

கம்பம், காரி.
சுருளிப்பட்டி, செவலை.
கூடலூர், மயிலை.
சின்னமனூர், வெள்ளை.
பழனிசெட்டிபட்டி, புள்ளி.

அவ்வளவு தூரத்திலா என்று ஊரே சிரித்தது. நானும்தான். "நோவு வந்தா எல்லாத்துக்கும் ஒண்ணா வரக்கூடாதுல்ல மதினி" என்றாள். இன்று சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் புத்தி அவளுக்கு எங்கிருந்து வந்தது?

தை பிறந்தால் கூலிக்குப் போகமாட்டாளாம். பஞ்சு எது, சருகு எது என்று கண் தெரியவில்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு கன்று விற்றால் சாகும்வரை கஞ்சிக்குப் போதும்.

ஆனாலும் மறக்கவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு ஒரு மாட்டை வில் என்று கேட்டேன். "அது நான் கெழவியானா குடிக்கிற கஞ்சி மதினி" என்றாள். பதினெட்டு வருஷம் ஆச்சு. அன்று அவள் கட்டியிருந்தது பச்சைச் சீலை, முந்தியில் கிழிசல். அதற்குப் பிறகு எந்தக் கன்று வாங்கினாலும் என் வாசல் வழியாகத்தான் ஓட்டிப்போவாள், என் வயிறு எரியட்டும் என்று. இந்தக் கோபத்தை வருஷா வருஷம் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறேன். சாமியார் மன்னிக்கச் சொல்கிறார். சரி என்று வந்துவிடுகிறேன்.

கார்த்திகை 27.

பனி. இருமல். மலையில் அணை வேலைக்குப் போகிற கூலியாட்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள்.

சுருளிப்பட்டியிலும் வெக்கை. அங்கே சவே. மாட்டை வளர்க்கிற முத்துக்கருப்பனிடம் இரண்டு செவலை இருந்தன. ஒன்று செத்தது. செத்தது சவே. மாடு, நிற்பது தன்னுடையது என்கிறான். எழுத்து கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. இவனை விட்டால் மற்ற நாலு ஊரிலும் இதையே சொல்வார்கள். முப்பது வருஷமும் போச்சு.

மார்கழி 3.

சுருளிப்பட்டி போய் வந்தோம். கால் வீக்கம்.

ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முத்துக்கருப்பன் குலசாமி மேல் சத்தியம் செய்தான். சாட்சி உண்டா என்று கேட்டார்கள். சவே. என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். பேசாமல் இருந்திருக்கலாம். பச்சைச் சீலை ஞாபகம் வந்தது. வாய் தானாகத் திறந்துவிட்டது.

"நிக்கிற மாட்டு வாலைத் தூக்கிப் பாருங்க. அடியில உள்ளங்கை அகலம் வெள்ளை இருக்கும். மூணு வருசத்துக்கு மின்ன என் வாசல்ல காயப்போட்ட கேப்பையத் தின்னுச்சு. வெளக்கமாத்தால வெரட்டுனப்பப் பாத்தேன்."

தூக்கினார்கள். இருந்தது.

"அந்தக் கேப்பைக்கும் வாரம் கேப்பீகளா ஆத்தா?" என்றான் ஒருவன். ஊரே சிரித்தது. பெரியவர்கள் மற்ற மாடுகளின் அடையாளத்தையும் கேட்டார்கள். ஐந்தும் சொன்னேன், கொம்பு, சுழி, வாங்கிய மாசம் உட்பட. முத்துக்கருப்பன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

திரும்பும்போது வாய்க்கால் பக்கம் சவே. சொன்னாள்: "எனக்கு எழுதத் தெரியாது. நீ வயித்தெரிச்சல்ல எண்ணிக்கிட்டே இருப்பேன்னு தெரியும் மதினி. அதான் ஒவ்வொண்ணையும் ஒன் வாசல் வழியா ஓட்டுனேன்."

வீடு வரும்வரை நடந்தோம். என்ன பொம்பளை.

மார்கழி 10.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு. மிச்சத்தைத் தொழுவுக்கும் அடித்தான் சூசை. பாவசங்கீர்த்தனம். இந்த வருஷம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

தை 1.

நல்ல வெயில். பருத்திக்காட்டுக்கு எல்லாரும் போனார்கள். சவே. போகவில்லை. வாசலில் உட்கார்ந்து தலை உலர்த்தினாள்.

மதியம் ஒரு கிடாரிக் கன்றை ஓட்டி வந்து என் தொழுவில் கட்டினாள். வாரத்துக்கு. எங்கள் ஊரில் இதுவரை அவள் ஒன்றும் விட்டதில்லை. முதல் ஈற்று எனக்கு.

மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மயிலைக் கன்று. நெற்றியில் இரட்டைச் சுழி. இடது காது நுனி கறுப்பு.