கிச்சன் சுவர்ல இருக்கிறவ

மியூசியத்து ஆளுங்க பதினோரு மணிக்கு வருவாங்க. நான் சேர்த்து வெச்ச போட்டோவெல்லாம் ஹால்ல கட்டி வெச்சிருக்கு. கண்ணாடியில கை படாம தூக்கச் சொல்லு. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்.

கிச்சன்ல மாட்டியிருக்கிற ஜன்னலோரப் பொம்பளை படத்தையும் சேர்த்துக் குடுக்கறதா, உன்னைக் கேக்காமலே கையெழுத்துப் போட்டது தப்புதான். எம்மேல கோபம் வந்தா நீ அவகிட்டதான் "பாத்தியாடி இந்த மனுஷனை"ன்னு ஆரம்பிப்பே. நேத்து விஷயம் தெரிஞ்சதுலேருந்து நீ அவகிட்டகூடப் பேசலை. உன் முகத்தைப் பாக்கத் தைரியமில்லாம சீக்கிரமே கிளம்பிட்டேன்.

காலையில கழட்டப் போனேன், மனசு வரலை. இன்னும் சுவர்லதான் இருக்கா. தர முடியாதுன்னா சொல்லிடு, அவங்ககிட்ட நான் பேச்சு வாங்கிக்கறேன்.

அவளை அனுப்பிட்டா, சாயங்காலம் என்கிட்டயே திட்டு. அவளை மாதிரியே வாயைத் திறக்காம கேட்டுக்கறேன்.