பார்க் பெஞ்சில் தமிழ் கிடையாது

லாத்தா,

இன்று காலை வேலைக்குக் கிளம்பி லிஃப்டுக்குள் நுழைந்ததும் பகூர் வாசனை அடித்தது, இங்குள்ள அரபிகளின் சாம்பிராணி. எனக்கு முன்னால் இறங்கிப் போன யாரோ உடுப்பில் புகை போட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் உங்கள் அறையிலிருந்து கிளம்பிச் சமையலறை வரை வந்து, என் சாம்பார் மணத்தையே அமுக்கிவிடுமே, அதே வாசனை. கீழ்த்தளத்துப் பொத்தானை அழுத்தக்கூட மறந்து நின்றுவிட்டேன். லிஃப்ட் தானாக மேலே போய் நின்றது. ஒரு பிலிப்பினோ பெண் எட்டிப் பார்த்து, "கோயிங் டவுன்?" என்றாள். "யெஸ், டவுன்" என்று சொல்வதற்குள் உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஆங்கிலத்தை வைத்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இரண்டு வார்த்தைக்கு இந்தப் பாடு. நீங்கள் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

இந்த வளைகுடா ஊருக்கு வந்த புதிதில், கராமாவில் அந்த ஃப்ளாட்டில் நாம் இரண்டு குடும்பம். உங்களுக்கு ஹாலை ஒட்டிய அறை, எங்களுக்கு பால்கனி அறை, அடுப்பு பொது. நான் பெரம்பலூர்ப் பக்கம், நீங்கள் ராமநாதபுரம் கடற்கரை. முதல் நாள் அக்கா என்று கூப்பிட்டேன். "எங்க ஊருல லாத்தாம்போம். அப்படியே கூப்புடு, காதுக்குப் பழகுன மாதிரி இருக்கும்" என்றீர்கள். அன்றிலிருந்து அதுதான்.

என் மகளின் பள்ளிக்கூடத்தில் நான் அசடு வழிந்த கதையில்தான் எல்லாம் தொடங்கியது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு என்னவோ நெடுநேரம் பேசினார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பாராட்டுகிறார் போல என்று நினைத்து, "தேங்க்யூ மேம், தேங்க்யூ" என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மகள் சொன்னாள், அவள் பக்கத்தில் உட்காரும் பையனைக் கடித்து வைத்துவிட்டாளாம். அடுப்படியில் உங்களிடம் இதைச் சொல்லி அழுதபோது நீங்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தீர்கள்.

"எனக்கும் அதே கததான் புள்ள. பேங்கு, ஆஸ்பத்திரி, எங்க போனாலும் மச்சான்தான் எனக்கு வாயி. அவுக கடைக்குப் போயிட்டா நான் ஊமை. எத்தன நாளைக்கு இப்புடி?"

கீழ்த்தளத்தில் இருந்த யாழ்ப்பாணத்துச் சுகந்தியையும் நீங்கள்தான் சேர்த்துக்கொண்டீர்கள். "எனக்கு வாசிக்க வரும் அக்கா, கதைக்கத்தான் வாய் வராது" என்றாள் அவள். மூன்று பேருக்கும் தெரியாத ஒன்றை மூன்று பேரும் சேர்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது என்று முடிவானது. பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு, சாயங்காலம் பார்க்கில் வேப்பமரத்துக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்காருவோம். உட்கார்ந்த பிறகு தமிழ் கிடையாது. மீறினால் அபராதம் உண்டு. எழுந்து போய், வழியில் போகிற முன்பின் தெரியாத யாரிடமாவது ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வர வேண்டும்.

அந்த அபராதத்துக்குப் பயந்தே முதல் சில நாள் மூவரும் ஊமையாக உட்கார்ந்திருந்தோம். முதலில் மாட்டியது நீங்கள்தான். எறும்பு கடித்து "ஆத்தீ" என்று கத்திவிட்டீர்கள். "ஆத்தீ தமிழ்தான்" என்று நானும் சுகந்தியும் பிடிவாதமாக நின்றோம். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஓடிக்கொண்டிருந்த ஒரு உயரமான ஆளை நிறுத்தி, "வாட் இஸ் த டைம்?" என்று கேட்டீர்கள். அவர் உங்கள் மணிக்கட்டைக் காட்டி, "யுவர் வாட்ச் இஸ் நாட் ஒர்க்கிங்?" என்றார். நீங்கள் அசரவில்லை. "வாட்ச் இஸ் ஒர்க்கிங். ஐ ஆம் நாட் ஒர்க்கிங். ஹவுஸ் வைஃப்" என்றீர்கள். அந்த ஆள் சிரித்த சிரிப்பு பார்க் முழுக்கக் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து, எறும்பு கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டீர்கள். முகம் ஜெயித்த முகமாக இருந்தது.

பிறகு தினம் ஒரு நாடகம் போட்டோம். ஒருநாள் மளிகைக் கடை, ஒருநாள் பேங்க், ஒருநாள் வேலைக்கான இன்டர்வியூ. சுகந்தி மேனேஜராக உட்கார்ந்தால் சிரிக்கவே மாட்டாள், நிஜமாகவே பயமாக இருக்கும். என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "ஸ்லோ, ஸ்லோ. நோ பஸ் இஸ் கோயிங்" என்பீர்கள் நீங்கள். பஸ் ஒன்றும் போய்விடாது, மெதுவாகச் சொல் என்று அர்த்தம். நமக்குள் புரிந்தது, போதும்.

ரமலான் முடிந்து பல வாரம் கழித்து ஒரு சாயங்காலம், "டுடே ஹாஸ்பிடல்" என்றீர்கள். என்னை டாக்டராக்கினீர்கள். சுகந்தி நர்ஸ்.

"வாட் இஸ் யுவர் ப்ராப்ளம்?" என்றேன் குரலைக் கனமாக்கிக்கொண்டு.

"ஐ ஹேவ் எ லம்ப்."

கட்டி என்பதற்கு இந்தச் சொல் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம். எங்கே என்று கேட்டேன். இடது மார்பின் மேல் கையை வைத்து, "ஹியர்" என்றீர்கள்.

"ஹவ் லாங்?"

"ஃப்ரம் ரமலான்."

"நோ ஃப்ரம். சின்ஸ். சின்ஸ் ரமலான்." அதற்கு முந்தைய நாள்தான் அந்த இலக்கணத்தைப் படித்திருந்தேன். அந்தப் பெருமை எனக்கு.

"சின்ஸ் ரமலான். சின்ஸ் ரமலான்" என்று திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தீர்கள். சுகந்தி ஊசி போடுவதுபோல விரலை ஆட்டிச் சிரித்தாள்.

"எனி பெயின்?"

"நோ பெயின். பிஃபோர் ஸ்மால். நவ் பிக்."

விளையாட்டுக்கு யாரும் இவ்வளவு யோசித்துச் சொல்ல மாட்டார்கள். உங்கள் கை வைத்த இடத்திலிருந்து எடுபடவே இல்லை.

"லாத்தா, இது நெசமா?"

"நோ டமில்" என்றீர்கள். என்னைப் பார்க்காமல், பிள்ளைகள் ஊஞ்சலாடும் பக்கம் பார்த்துக்கொண்டே, "ஃபைன். கோ, ஆஸ்க் சம்படி" என்றீர்கள்.

நான் எழுந்து போகவில்லை. சுகந்தி, "ஐயோ, என்ன கதைக்கிறீங்கள் ரெண்டு பேரும்?" என்று பதறினாள். அவளுக்கும் நீங்கள் அபராதம் போட்டீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "டுமாரோ டாக்டர். யூ கம் வித் மீ. ஃபர்ஸ்ட் டாக்டர், தென் மச்சான்."

அன்றிரவு நான் தூங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருமினால்கூட எழுந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் உங்கள் பெயரைக் கூப்பிடும் வரை நீங்கள் உதடசைத்துக்கொண்டே இருந்தீர்கள். துஆ ஓதுகிறீர்கள் என்று நினைத்தேன். காதைக் கிட்டே கொண்டுபோனால், "ஐ ஹேவ் எ லம்ப், ஐ ஹேவ் எ லம்ப்."

உள்ளே இருந்தவர் ஒரு மலையாளி டாக்டரம்மா. உங்கள் பெயரையும் ஊரையும் பார்த்துவிட்டு அன்பாகச் சிரித்தார். "தமிழ்ல சொல்லுங்கோ. எனக்கு நல்லா மனசிலாகும்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. நீங்கள் நாற்காலியின் நுனிக்கு வந்து, "நோ டாக்டர். ஐ வில் ஸ்பீக் இங்கிலீஷ். ப்ளீஸ்" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னீர்கள். எங்கே, எந்தப் பக்கம், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு. எப்போதிலிருந்து என்று அவர் கேட்டபோது மட்டும் தயங்கி, என் பக்கம் திரும்பினீர்கள். பிறகு டாக்டரைப் பார்த்து, "சின்ஸ் ரமலான்" என்றீர்கள்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் கேட்டேன், அவர்தான் தமிழில் சொல்லச் சொன்னாரே, ஏன் லாத்தா?

"தமிழ்ல சொன்னா அழுதுருவேன் புள்ள. இங்கிலீஷ்ல சொல்லையில அழுக வரல. சின்ஸா, ஃப்ரமான்னு பாக்கவே நேரம் சரியாப் போச்சு. அது யாருக்கோ வந்த நோவு மாதிரி இருந்துச்சு."

அதற்குப் பிறகு எல்லாமே வேகமாக நடந்தது. பரிசோதனை, அதன் முடிவு, இன்னொரு பரிசோதனை. மச்சானிடம் நீங்கள் சொன்ன அன்று அவர் சமையலறைக்கு வந்து தண்ணீர் பிடித்து, குடிக்காமலே டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். ஊரில் உங்கள் உம்மா இருக்கிறார், கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள், பார்த்துக்கொள்ள ஆள் உண்டு என்று உங்களை அனுப்ப முடிவு செய்தார்கள். ஏர்போர்ட்டில் இமிக்ரேஷன் அதிகாரி ஏதோ கேட்க, நீங்கள் பதில் சொல்வதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை. தலையை நிமிர்த்திப் பேசினீர்கள்.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புவீர்கள், எல்லாம் ஆங்கிலத்தில். "டுடே ஐ ஏட் டூ இட்லி. நோ வாமிட்டிங்." அங்கே நர்ஸுகள் எல்லாரும் தமிழ்க்காரப் பிள்ளைகள், உங்களை வேடிக்கை பார்த்திருப்பார்கள். ஒருநாள், "கோ, வென்ட், கான். மை ஹேர் இஸ் கான்" என்று சொல்லிச் சிரித்திருந்தீர்கள். நானும் சிரித்துவிட்டு, போனை மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சப்பாத்தி உருட்ட முடியாமல் நின்றேன். பதிலுக்கு நானும் ஆங்கிலத்தில்தான் அனுப்புவேன். நீங்கள் எந்தப் பலகையைப் பிடித்து மிதந்துகொண்டிருந்தீர்களோ அதை என்னால் பிடுங்க முடியாது.

அந்த நாட்களில்தான் நான் இப்போது வேலை பார்க்கும் இந்தப் பள்ளிக்கூடத்து ஆபீஸில் இன்டர்வியூ வந்தது. படுக்கையில் இருந்துகொண்டே எனக்கு மேனேஜராக இருந்து ஒத்திகை பார்த்தீர்கள். "டெல் அபௌட் யுவர்செல்ஃப். ஸ்லோ" என்றீர்கள். எனக்குக் குரல் நடுங்குகிறது என்றேன். "நடுங்குனா நடுங்கட்டும், வாய மூடாத" என்று தமிழில் சொல்லிவிட்டு, "சாரி, ஃபைன் ஃபார் மீ" என்றீர்கள். வேலை கிடைத்த செய்தியை முதலில் உங்களுக்குத்தான் சொன்னேன். என் வீட்டுக்காரருக்குக்கூட அப்புறம்தான்.

நான் சேர்ந்த சில வாரத்தில், சாப்பாட்டு நேரத்தில் உங்கள் அழைப்பு வந்தது. வராந்தாவுக்கு ஓடி, "ஹலோ லாத்தா, ஹவ் ஆர் யூ?" என்றேன்.

"புள்ள" என்றீர்கள். "எனக்குப் பயமாக் கெடக்கு."

அவ்வளவுதான். அழ ஆரம்பித்தீர்கள். அத்தனை மாதத்தில் நான் கேட்காத அழுகை. சரியாகிவிடும் என்று சொல்லலாம், அது பொய் என்று உங்களுக்கும் தெரியும். ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. பிள்ளைகள் கத்திக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார்கள். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனை அழுத்திப் பிடித்தபடி நின்றேன். அழுகை அடங்கி மூச்சு மட்டும் கேட்டது. நீங்களும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கடைசியில் உங்கள் மகள் போனை வாங்கி, "உம்மா தூங்கிட்டாங்க ஆன்ட்டி" என்றாள்.

நாம் பேசியது அதுதான் கடைசி. பிறகொரு நாள் மச்சான் கூப்பிட்டு, "ஒங்க லாத்தா மவுத்தாயிட்டாம்மா" என்றார். அன்று சாயங்காலம் நானும் சுகந்தியும் பார்க்குக்குப் போனோம். பெஞ்சில் உட்கார்ந்து தமிழிலேயே பேசினோம். "அபராதம் கேக்க ஆளில்லையே அக்கா" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது என் மேஜையில் ஒரு டெலிஃபோன் இருக்கிறது. அது மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். அந்தப் பக்கம் யாரோ, என்ன கேட்பார்களோ, எனக்குப் புரியுமோ புரியாதோ. இந்தப் பயம் என்றைக்காவது போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை, லாத்தா. அதோடேயே எடுத்துப் பேசுகிறேன்.

நேற்று ஒரு அம்மா கூப்பிட்டார். "மேடம், மை டாட்டர்" என்றார். நிறுத்திவிட்டு, மறுபடி "மை டாட்டர்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. அந்த உச்சரிப்பிலேயே தெரிந்துவிட்டது, நம் ஊர்ப்பக்கம்தான். தமிழில் பேசுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. தமிழில் சொல்ல முடியாதது எதையாவது வைத்திருக்கிறாரோ என்னவோ, யார் கண்டது. இன்னொரு லைனில் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது, சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். "டேக் யுவர் டைம், மேடம். ஐ ஆம் ஹியர்" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்தான். நான் வைக்கவில்லை.

பிறகு அவர் சொன்னார். "மை டாட்டர் ஹேஸ் ஃபீவர். ஷி வில் நாட் கம் டுடே."

தடுமாறாமல், முழுசாக. சாதாரணக் காய்ச்சல்தான்.