கிளேலியா வீட்டுக் கதவு

ரொக்காசெர்வா
அக்டோபர் 20, 2000

என் பிரியமுள்ள கிளேலியா அக்காவுக்கு,

உன் தங்கை எர்மீனியா எழுதுகிறேன். பெல்ஜியத்தில் நீயும் மகனும் பேரப்பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே நாங்கள் இருவரும் நலம். மழைக்கு முன்னாலேயே திராட்சை அறுத்து முடித்துவிட்டோம். குலை சின்னது, ஆனால் இனிப்பு அதிகம்.

இதை டெலிபோனில் சொல்லியிருக்கலாம். நீ நடுவில் பேசுவாய், நான் அழுவேன், கடைசியில் ஆலிவ் எண்ணெய் விலையைப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

மூன்று வருஷமாக நீ ஊருக்கு வரவில்லை. ஆனால் ஊர்க் குடிப் பதிவேட்டின்படி நீ இன்னும் இங்கேதான் குடியிருக்கிறாய். ஆள் இருக்கும் வீட்டுக்குப் பாதி வரி, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு முழு வரி. அதற்காகத்தானே சனிக்கிழமைதோறும் உன் வீட்டு ஜன்னலைத் திறந்து, பால்கனிக் கொடியில் நாலு துணியை நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்? ஊரில் நாற்பது வீட்டில் இப்படித்தான் துணி காய்கிறது. அது தப்பு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. உனக்கு வரிகூடப் பெரிதில்லை. அப்பா அம்மா பெயருக்குக் கீழே உன் பெயரும் இந்த ஊர்ப் பதிவேட்டில் இருக்க வேண்டும், அதுதான் உன் ஆசை. அது எனக்குத் தெரியும்.

இந்த ஆகஸ்டில் எனக்கு என்ன கேடு வந்ததோ, புனித ரொக்கோ திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை போட்ட துணியை எடுக்க மறந்துவிட்டேன். திருவிழா அன்று சாமிக்கு மரியாதையாக எல்லா பால்கனியிலும் கல்யாணப் பட்டுப் போர்வை தொங்குகிறது. ரொக்கோ சாமியின் சுரூபம் ஊர்வலமாக உன் வாசலுக்கு வருகிறது. அங்கே காலஞ்சென்ற அத்தானின் நீள உள்ளாடையும் இரண்டு தலையணை உறையும் காற்றில் ஆடுகின்றன! பாண்டு வாத்தியம் பாதியில் நின்றுவிட்டது. ரொட்டிக்கடை இமெல்தா கூட்டத்துக்கு நடுவிலிருந்து, "கிளேலியா வீட்ல இருந்தா சாமி வர்ற நேரத்துல இதைத் தொங்க விடுவாளா? அங்க ஆளே இல்லடி!" என்று கத்தினாள். ஊருக்கே தெரிந்த விஷயம்தான், ஆனால் அன்றுவரை யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. நான் என் வீட்டுப் போர்வைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அதற்குத் தோதாகப் புதுச் சட்டமும் வந்து சேர்ந்தது. இனி வரியை நான் உறுப்பினராக இருக்கும் இந்த ஊர்ச் சபையே பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர்க் காவலர் வீடு வீடாகப் போய் மூன்று தடவை தட்ட வேண்டும். மூன்றிலும் திறக்காத வீட்டுக்காரரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடலாம். சபை உறுப்பினர்களுக்கும் ஒரு கடிவாளம்: தங்கள் சொந்தபந்தம் சம்பந்தப்பட்ட விஷயம் வந்தால் பேசவும் கூடாது, கை தூக்கவும் கூடாது, எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

ஊர்க் காவலர் என்றால் வேறு யார், என் வீட்டுக்காரர் சவேரியோதான். இருபத்தாறு வருஷமாகச் சதுக்கத்து நீரூற்றிலிருந்து ஆடுகளை விரட்டியதுதான் அவர் பார்த்த பெரிய போலீஸ் வேலை. "மாப்பிள்ளைக்குத் தலையை விடத் தொப்பி பெரிசு" என்று நீயே கேலி செய்வாய். இந்த வேலையைக் கொடுத்ததும், அது என் மனைவியின் அக்கா வீடு, வேறு ஆளை அனுப்புங்கள் என்று அவர் எழுதியே கொடுத்தார். மேயர் ஒத்தாவியோ அந்தத் தாளால் விசிறிக்கொண்டே, "வேற ஆளுக்கு நான் எங்கய்யா போவேன்? இருக்கிறது நீ ஒருத்தன்" என்றாராம்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை. ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். முதலில் நின்றது உன் வாசலில். "ஊர்க் காவலர் வந்திருக்கேன்! கிளேலியாம்மா, கதவைத் திறங்க!" என்று சத்தமாகச் சொல்லித் தட்டினார். உள்ளே ஆள் இல்லை என்று அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிஷம் நின்றார். எதிர் பால்கனியிலிருந்து நான், "என்னங்க இது கூத்து? சாவி என்கிட்டதானே இருக்கு!" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் சாப்பிடும்போது பிடித்துக்கொண்டேன். நிதானமாகச் சொன்னார்: "நம்ம வீட்ல ஆரம்பிச்சாத்தான் எர்மீனியா, அடுத்தவன் வாசல்ல நிக்க எனக்கு முகம் இருக்கும். உங்க அக்கா என்னை மன்னிக்க மாட்டாங்க. தெரியும்." இத்தனை வருஷம் கூடவே படுத்து எழுந்த மனிதரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன் போல இருந்தது. கோபம் ஒரு பக்கம், பிரமிப்பு ஒரு பக்கம். தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

போன வியாழக்கிழமை சபை கூடியது. நாற்பது வீட்டுப் பழைய வரிப் பாக்கியையும் மன்னித்து, அவற்றையெல்லாம் ஆள் இருக்கும் வீடாகவே விட்டுவிடலாம் என்று மேயர் தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறினால் உன் பெயர் பிழைத்தது. கை தூக்கத்தான் போனேன், சத்தியமாக. செயலாளர் எழுந்து சட்டத்தைப் படித்தார்: அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மாமன், சித்தப்பா, ஒன்றுவிட்டவர்கள், அவர்களுடைய சம்பந்திகள் வரை. மேயர் சிரித்தார். "இந்த ஊர்ல யாருக்கு யாரு சொந்தமில்ல? சட்டத்தைப் பார்த்தா நாற்காலிதான் ஓட்டுப் போடணும். கண்டுக்காம கையைத் தூக்குங்கப்பா" என்றார்.

கைகள் எழும்பின. என் கையும் பாதி எழும்பியது. அப்போது கதவோரம் காவலுக்கு நின்ற சவேரியோவைப் பார்த்தேன். தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையை அவர் பார்க்க விரும்பவில்லை, அக்கா. வீம்பாக என்னை முறைத்திருந்தால் நானும் வீம்பாகத் தூக்கியிருப்பேன். நான் எழுந்து நின்றேன். "அதுல ஒரு வீடு என் அக்கா வீடு. அங்க யாரும் இல்ல. துணி போட்டது நான்தான். நான் வெளியே போறேன்" என்றேன்.

சதுக்கத்தில் போய்த் தனியாக நின்றேன். செத்தேன் என்று நினைத்தேன். அப்புறம் கதவு திறந்தது. கசாப்புக்கடை நுன்சியோ வந்தான். பிஷப் வந்தபோதுகூட நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவன்! "எங்க சித்தப்பன் வீடும் இருக்கு" என்று முணுமுணுத்தான். அவன் பின்னால் இருவர், அப்புறம் நால்வர், பிறகு மற்றவர்களும். கடைசியில் மேயரே வந்தார், முகம் தக்காளி மாதிரி. பன்னிரண்டு பேர் குளிரில் நின்றோம். பாதிப் பேருக்கு ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தையே கிடையாது. கோட்டு எடுக்காமல் வந்த மேயருக்கு நுன்சியோ தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தான்.

உள்ளே மிச்சம் ஒரே ஒருவர், பள்ளி ஆசிரியர் மாரியானி. இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்தவர் என்பதற்காகப் பதினைந்து வருஷமாகப் 'பரதேசி' என்று நாம் கேலி செய்த மனிதர். ஜன்னலைத் திறந்து, "நான் ஒருத்தன் கை தூக்கினா செல்லுமான்னு கேட்டேன், செல்லாதாம்! நானும் வீட்டுக்குப் போகலாமா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம், மேயர்கூட. தீர்மானம் விழுந்தது.

எங்கேயோ யாரோ எழுதிய நாலு வரி, இத்தனை பேரை நாற்காலியிலிருந்து எழுப்பியதை என் கண்ணால் பார்த்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. யாரும் எங்களைப் பிடித்துத் தள்ளவில்லை. நாங்களாகவே நடந்து வந்தோம். நம் ஊர்க்காரர்களுக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

சிலிர்ப்பு எல்லோருக்கும் இல்லை. நாற்பது வீட்டாருக்கும் நான்தான் காட்டிக்கொடுத்தவள். இமெல்தா ரொட்டியைப் பேசாமல் தள்ளிவிடுகிறாள். அதைத் தாங்கிக்கொள்வேன். உன் பெயர் போவதைத்தான் தாங்க முடியவில்லை. கூடப் பிறந்தவளே இப்படிச் செய்தாள் என்று நீ சொன்னால், ஆமாம், செய்தேன்.

இரண்டாம் தடவையும் தட்டியாயிற்று. மூன்றாவது நவம்பர் பதினொன்று, புனித மார்ட்டின் நாள், காலை பத்து மணிக்கு. சாவி என்னிடம் இருந்தாலும் நான் திறக்க மாட்டேன். ஒரு நாள் வந்து திறந்து காட்டிவிட்டுப் போ என்றும் சொல்ல மாட்டேன். அது இன்னொரு பொய். இருக்க வா, அக்கா. பேரப்பிள்ளைகளை விட்டு வருவது லேசில்லை என்று தெரியும். வர முடியாது என்றால், பெயரை எடுத்துவிடுங்கள் என்று உன் கையாலேயே எழுதி அனுப்பிவிடு. உன் பெயரை அடிக்கும் பேனாவை மட்டும் சவேரியோ கையில் கொடுத்துவிடாதே.

ஒன்றும் எழுதாவிட்டால் நீ வருகிறாய் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு நான் எதிர் பால்கனியில் நிற்பேன். அவர் தட்டுவார், பத்து நிமிஷம் பார்ப்பார். என்னோடு நீ பேச வேண்டாம், என் முகத்தில்கூட விழிக்க வேண்டாம், உன்னிடம் இருக்கும் சாவியால் திறந்துகொண்டு போ. உள்ளேயிருந்து "யாருய்யா அது, காலங்காத்தால?" என்று ஒரு குரல் மட்டும் கொடு. கடவுள் உனக்கு வழித்துணையாக வரட்டும்.

உன் தங்கை,
எர்மீனியா