கைவிசேடத்துக்கும் கையேந்திய அண்ணன்

என் ஆசைத் தம்பி நடேசனுக்கு,

பெற்ற மகனின் உயிரையும் தகப்பனின் கைச்செலவுக் காசையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது அநியாயம். இந்த நாட்டுச் சட்டம் எனக்கு அதைச் செய்தது. அதைச் சொல்லாமல் உனக்கு வேறெதுவும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. உன் செவன் கிங்ஸ் வீட்டில் எல்லோரும் உன் நல்ல குணத்தைப் பேசினார்கள். எனக்கு உன்மேல் பொறாமை, தம்பி. இப்போதும்தான். செத்தவன்மேல் பொறாமைப்படக் கூடாது என்று யார் சொன்னது?

ஒரே சண்டைக்குத்தான் இரண்டு பேரும் இலங்கையிலிருந்து இந்த இங்கிலீசுக்காரர் நாட்டுக்கு ஓடி வந்தோம். நீ விமான நிலையத்தில் இறங்கியதும் அகதி என்று சொன்னாய். அந்தச் சொல் என் வாயில் வராது என்றேன் நான். இங்கே தோர்ண்டன் ஹீத்தில் இருந்த என் மகன் குமரன் ஸ்பொன்சர் செய்தான். ஐந்து வருடம் அப்பா அரசாங்கக் காசு கேட்கமாட்டார், நானே பார்ப்பேன் என்று கையெழுத்து வைத்தான். கல்யாண வீடுகளில் என்னை "ஸ்பொன்சரில வந்தவர்" என்று காட்டுவார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருப்பேன். உன்னைப் பற்றிக் குசுகுசுப்பார்கள். கடைசியில் பெரிய சொல்லைப் பிடித்தவன் வெறுங்கையோடு நின்றான். சின்னச் சொல்லைச் சொன்னவனுக்குக் கிழமைக்குக் கிழமை தபாற்கந்தோரில் அரசாங்கம் கொடுக்கிற சோசல் காசு.

குமரன் கெட்டவன் இல்லை. பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் செய்து எனக்குச் சோறு போடுகிறான். கேட்டால் தருவான். தலைமயிர் வெட்டவும், பேப்பர் வாங்கவும், கோயில் தட்டில் போடவும் கேட்க வேண்டும். எழுபது வயதில் அதைக் கேட்டுப் பார்த்தவனுக்குத் தெரியும்.

அந்தச் சித்திரை வருடப்பிறப்பு நினைவிருக்கிறதா? மூத்தவன் கொடுக்க இளையவர்கள் வாங்குவதற்குப் பெயர்தான் கைவிசேடம். குமரன் குசினி அடுப்படியில் வைத்து என் கையில் காசைத் திணித்தான். அதையே நான் முன்னறைக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பேத்தி வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பப்பா, இது டாடி இப்ப உங்களுக்குத் தந்தது தானே?" என்றாள். குமரனுக்கும் கொடுத்தேன். அவன் காசை அவனுக்கே. அவன் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

பிறகு நீ வந்தாய், புது நோட்டுகளோடு. கை கழுவுகிற இடத்தில் என் சட்டைப்பைக்குள் எதையோ வைத்தாய்.

"அண்ணை, நீங்கள்தான் மூத்தவர். நீங்கள் குடுங்கோ."

"உன்ர அகதிக் காசு எனக்கு வேண்டாம்."

"அகதிக் காசிலையும் அதே மகாராணியின்ர தலைதான் அண்ணை."

நான் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து உன் கையில் திருப்பி வைத்தேன். அதற்காக இன்றும் வருந்தவில்லை. தம்பியிடம் கைவிசேடம் வாங்குகிறவன் என்ன அண்ணன்?

நீயும் விட்டாயா? அடுத்த கிழமையே எனக்காகப் பேசுவதற்கு என்னைச் சோசல் கந்தோருக்குக் கூட்டிப்போனாய். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் இங்கிலீசில் பொறுமையாகத்தான் சொன்னாள். ஐந்து வருடம் முடிய வேண்டும். அதற்கு முன் கேட்பதென்றால், ஸ்பொன்சர் செய்தவர் இறந்திருக்க வேண்டும்.

நீ என் முகத்தைப் பார்க்காமல், "பிறகு வரட்டாம் அண்ணை" என்றாய்.

ஊரில் கடைக்குச் சாமான் சுற்ற வந்த பழைய பேப்பர்களைப் படித்தே இங்கிலீசு பிடித்தவன் நான். பேச நா தடுமாறினாலும், சாவுக்கு அவர்கள் சொல்லும் சொல் எனக்கு விளங்காதா? எந்தத் தகப்பன் அந்தக் கதவு திறக்கட்டும் என்று காத்திருப்பான்? அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது குமரன் ஷிப்ட் முடிந்து பகலில் உறங்கிக்கொண்டிருந்தான். அறை வாசலில் நின்று அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். இதை உனக்கு நான் சொல்லவேயில்லை.

நீ அன்று சொன்ன பொய்யின்மேலும் எனக்குப் பொறாமைதான். உன் பையில் உனக்கென்று ஒரு வீட்டுப் பூட்டின் திறப்பு இருந்தது, காசு இருந்தது. அதனால் உனக்கு நல்லவனாக இருக்க முடிந்தது. கொடுக்கிறவனாகவே வாழ்ந்து கொடுக்கிறவனாகவே போனாய். எனக்கு அதில் ஒரு நாள் கிடைத்ததா?

இங்கே தேர்தல் வருகிறது. வேட்பாளர் ஒருவர் வாசலுக்கு வந்து வோட்டுக் கேட்டார். இவர்கள் முன்பு ஆண்ட நாடு என்பதால் இலங்கைக்காரனுக்கும் இந்த நாட்டில் வோட்டு உண்டு அல்லவா. வோட்டுக்கு ஆகிற ஆள் ஒரு ரொட்டிக்கு ஆகமாட்டேனா என்று கேட்டேன். குமரன் பின்னால் நின்று, "அப்பா, சும்மா இருங்கோ" என்றான். நான் சும்மா இருக்கவில்லை.

இனி எனக்காகப் பேச நீ இல்லை. நானே பேசுவேன் என்று உனக்கு வாக்குத் தருகிறேன். என் ஐந்து வருடம் முடிந்த பிறகும், பின்னால் வருகிற கிழவர்களுக்காகப் பேசுவேன்.

ஆக வேண்டியதைச் சொல்கிறேன். சட்டம் எழுதுகிறவர்கள் அந்த ஐந்து வருடக் கட்டை அவிழ்க்க வேண்டும். மனமில்லையென்றால், மகனிடம் கையெழுத்து வாங்குமுன் தகப்பனை இருத்தி, அவன் பாஷையில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், மகன் செத்தால் என்பதையும் சேர்த்து. அந்த வேட்பாளர் வென்றாலும் தோற்றாலும் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். கோயில்காரர் இந்த விதியைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். ஸ்பொன்சர், அகதி என்று பந்தியில் ஆள் பிரிக்கிறவர்கள் வாயை மூட வேண்டும். குமரன் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவன் என்னைவிட நெடுநாள் இருக்க வேண்டும்.

என்றைக்கும் உனக்கு மூத்தவனான,
உன் அண்ணை